ஏழடுக்குக் களஞ்சியத்துக்குப் போன தூக்குவாளி

வள்ளிமயில் டாக்கீஸில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சியில், திரைக்குள் நின்ற பிள்ளைக்கு ராசகனி ஒரு உருண்டை தயிர்சோறு நீட்டியதும் அந்தப் பிள்ளை குனிந்து வாங்கித் தின்றதும் செவக்காடு ஊரில் எல்லாரும் பார்த்த விசயம், அதில் யாருக்கும் தகராறு கிடையாது; தொட்டுக்கொள்ள என்ன கொடுத்தாள் என்பதில்தான் இன்றைக்கு வரைக்கும் ஊர் ரெண்டுபட்டுக் கிடக்கிறது. எலுமிச்சை ஊறுகாய் என்று மேலத்தெருவும் மோர்மிளகாய் என்று கீழத்தெருவும் சாதிக்கின்றன. உள்ளபடிக்கு ஒன்றுமே இல்லை, வெறும் தயிர்சோறுதான். ராசகனியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவளைக் கேட்டு ஒரு காரியம் தெரிந்துகொள்ளலாம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

அவள் குணம் அப்படி. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், கல்யாணமாகி வந்து நாலு வருசத்தில் தெருவில் அவள் பேசிய பேச்சையெல்லாம் கூட்டினால் ஒரு போஸ்ட் கார்டுக்குக் காணாது. கடையில் போய் நின்றால் கடைக்காரரே பார்த்து "சீனியா, சீயக்காயா?" என்று கேட்கிற வரைக்கும் நிற்பாள், அவர் தப்பாக எடுத்துக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொண்டு வந்து, அன்றைக்குக் காப்பிக்குப் பதிலாகத் தலைக்குக் குளித்துவிடுவாள். அவள் புருசனின் அக்காள் சண்முகக்கனி இதற்கு நேர் எதிர். தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற அறுபது பெண்களின் பேச்சையும் தன் ஒருத்தி பேச்சால் அடக்கக்கூடியவள். "எங்க வீட்டுக்கு வந்தவ வாயை அவ அம்மா வீட்டுலயே வச்சுப் பூட்டிட்டு வந்துட்டா, சாவி மட்டும் சீர்வரிசையோட வரலை" என்பாள். ராசகனி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இருக்காது.

டாக்கீஸ் மூடி ஆறு வருசம் ஆகியிருந்தது. உள்ளே தீக்குச்சி மூட்டைதான் அடுக்கிக் கிடந்தது. மூட்டைகளை எடுத்த பிறகு மேல் அறையைச் சுத்தம் பண்ணப் போன முதலாளி ஐயம்பெருமாள், மக்கிப்போன சுவரொட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் பன்னிரண்டு வட்டத் தகரப் பெட்டிகளைக் கண்டெடுத்தார். சேதி எப்படியோ மெட்ராசுக்குப் போயிற்று. அங்கே ஞானசபேசன் என்று ஒருவர், பழைய படங்களைத் தேடித் திரிவதில் கல்யாணம் செய்துகொள்ளவே மறந்துபோனவர், அடித்துப் பிடித்து பஸ் ஏறி வந்து, பெட்டி மேல் ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

காகிதத்தில் இருந்த பேர் 'ஏழடுக்குக் களஞ்சியம்'. எழுபது வருசத்துக்கு முந்திய சரித்திரப் படம். வந்த புதிதில் ஒன்பதே நாள் ஓடி, ஓடிய பிரதிகளெல்லாம் எரிந்தும் உருகியும் போய், உலகத்திலேயே இது ஒன்றுதான் மிச்சம் என்றார் ஞானசபேசன். எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கேட்டார். முதலாளியா விடுவார்? மூன்று நாள் என் கொட்டகையில் ஓட்டிவிட்டுத்தான் தருவேன் என்று நின்றுவிட்டார். அதற்கு ஞானசபேசன் ஒரு வழி பண்ணினார். ஞாயிற்றுக்கிழமைக் காட்சி ஓடுகிறபோதே அதை ஒரு மிசினில் பதிந்துகொள்வேன், அதற்குமேல் இந்தப் பழைய சுருள் தாங்காது. அன்றைக்கு எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் இந்தப் படம் உலகத்துக்கு என்றைக்கும் இருக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை ரெண்டரை மணிக்கு ஊரே கூடிவிட்டது. விளக்கு அணைவதற்கு முன்னால் ஞானசபேசன் மேடையேறி, கையில் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, படத்தை எப்படி ரசிக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். மூன்று வருசம் மழை இல்லாத ஒரு கோட்டையூர், கோட்டைக்கு நடுவில் ஏழடுக்குக் களஞ்சியம், அதைக் காக்கிற திருமேனிராயர், அவரிடம் தறியையும் தண்டையையும் கடைசியில் கூரை ஓலையையும் கொடுத்து அரை மரக்கால் நெல் வாங்குகிற விதவை மரகதவல்லி, அவள் ஆறு வயசு மகள் அல்லி. "பத்தாவது ரீலில் களஞ்சியக் கதவோரம் அல்லி பட்டினியால் சாகிறாள். அந்தச் சாவைப் பார்த்துத்தான் ஜனங்கள் கதவை உடைக்கிறார்கள். இது வறுமைக்கும் பேராசைக்கும் நடக்கிற வழக்கு! ராயர் முகத்தைக் கவனியுங்கள், படம் முழுக்கப் பாதி முகத்தில்தான் வெளிச்சம் விழும். ஏன்?"

"அங்கயும் லோ வோல்ட்டேஜா இருக்கும்" என்றாள் சண்முகக்கனி.

ஆனால் படம் ஓடத் தொடங்கியதும் சண்முகக்கனியே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் எப்படித்தான் எடுத்தார்களோ. ராயர் தன் நெல் அளக்கிற மரக்காலின் உள்ளே நாலு விரல்கடை மெழுகு ஊற்றி அடியை உயர்த்துகிறார். அதை ஒருத்தரும் வசனமாகச் சொல்வதில்லை, உருகின மெழுகு சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் ஒரு ஒற்றை விளக்கு ஏழு அடுக்கும் ஏறிப் போகிறது, ஒவ்வொரு அடுக்கிலும் நெல் தெரிகிறது, ஏழாவது அடுக்கில் ராயர் நெல்லுக்கு மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறார், நெல் குத்துகிறது என்று தூக்கம் வராமல் புரளுகிறார். "தலகாணி வாங்கக்கூட மனசு வரலையே பாவிக்கு" என்று பின்னால் யாரோ முனகினார்கள். மரகதவல்லி காலிப் பானையில் அகப்பையை விட்டுத் துழாவுகிறபோது கொட்டகையில் நானூறு பேரும் தங்கள் வீட்டுப் பானையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு தரம் நினைத்துப் பார்த்தார்கள்.

நாலாவது ரீலில் ராசகனியின் மகள் இசக்கி பசிக்கு அழுதாள். ரெண்டரை வயசு, வாய் திறக்க நூறு வேடிக்கை காட்ட வேண்டும். ராசகனி தூக்குவாளியைத் திறந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அங்கே பார், இங்கே பார் என்று நடந்து நடந்து திரையடிக்கே போய்விட்டாள். அப்போதுதான் அல்லியின் முகம் திரை கொள்ளாமல் வந்து நின்றது. கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. பார்த்தது. தன் பிள்ளைக்கு ஊட்டுகிறபோது அடுத்த பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றால் முதல் உருண்டை அந்தப் பிள்ளைக்கு என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகவே போய்விடும். ராசகனியின் கை போயிற்று. "இந்தா" என்றாள். அல்லி திரையிலிருந்து குனிந்து வாங்கித் தின்று, விரலை நக்கி, இன்னும் ஒன்றுக்குக் கை நீட்டியது.

"நல்ல வேளை தயிர்சோறு" என்றாள் முன்வரிசையில் இருந்த நர்ஸம்மா. "பட்டினி வயித்துக்குப் புளிக்குழம்பு குடுத்திருந்தா பிள்ளைக்குப் பிடுங்கியிருக்கும்." ஊர் முதன்முதலாகச் சொன்ன கருத்து அதுதான்.

இசக்கியும் அன்றைக்குத்தான் வம்பு பண்ணாமல் தின்றாள், அந்தப் பிள்ளைக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று முறை வைத்து. தூக்குவாளி காலியானதும் மரகதவல்லி பின்னாலிருந்து வந்து, அதை வாங்கிக் கழுவி, திருப்பிக் கொடுக்கப் போனவள் ஒரு நிமிசம் தயங்கினாள். ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா? ஒரு துண்டு வெல்லமாவது, ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவளிடம்தான் ஒன்றும் இல்லையே. கடைசியில் வேலியோரம் பூத்திருந்த கனகாம்பரத்தில் நாலு கிள்ளிப் போட்டுக் கொடுத்தாள். வெளியே வந்து பார்த்தால் அது சாம்பல் நிறக் கனகாம்பரம். ராசகனி தலையில் வைத்துக்கொண்டாள். "கறுப்புச் சேலைக்குப் பொருத்தமா இருக்கும், எனக்கும் ரெண்டு குடுட்டீ" என்று சண்முகக்கனி வாங்கிக்கொண்டாள். அன்று பத்தாவது ரீலில் அல்லி வயிறு நிறைந்து களஞ்சியக் கதவோரம் தூங்கியதே ஒழியச் சாகவில்லை, ஜனங்கள் உடைப்பதற்குக் காரணம் இல்லாமல் அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மிச்ச ரெண்டு ரீலும் அப்படியே ஓடிச் சுருள் தீர்ந்துபோனது.

சனிக்கிழமை ஊர் சமைத்த சமையலை என்னவென்று சொல்ல. கோட்டையூர்க்காரர்கள் பட்டினி என்று தெரிந்த பிறகு சும்மா போக முடியுமா, எதிர்வீட்டுக்காரி என்ன கொண்டுபோகிறாள் என்று தெரியாமல்தான் உலை வைக்க முடியுமா. எலுமிச்சைச் சோறு, சுண்டல், பணியாரம், கருப்பட்டி மிட்டாய் எல்லாம் பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களில் ஊர்வலமாகப் போயின. முதலாளி வாசலில் ஒரு பலகை வைத்தார்: 'உணவு கொடுப்பவர்கள் இடைவேளைக்குள் கொடுத்து முடிக்கவும். திரையில் கை துடைக்கக் கூடாது.' ரேசன் கடைக்காரர், இந்தக் கூட்டத்துக்குக் கார்டு கிடையாது, என்னிடம் வந்து நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒரு கட்சிக்காரர்கள் அண்டா நிறைய பிரியாணியும் தலைவர் படம் போட்ட துணியும் கொண்டு வந்தார்கள். கோட்டையூர்க்காரர்கள் பிரியாணியை வாங்கிக்கொண்டு துணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு குளிராக இருந்ததோ என்னவோ, துணியையும் கேட்டு வாங்கி ஒரு கிழவருக்குப் போர்த்திவிட்டார்கள்.

ஆக, சனிக்கிழமை அஞ்சு ரீல் வரைக்கும் படம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஞானசபேசன்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பஞ்சப் படத்தில் எல்லாருக்கும் கன்னம் உப்பிவிட்டதே!"

ஆனால் இத்தனை மணமும் ராயர் மூக்குக்கு எட்டாமல் இருக்குமா? ஆறாவது ரீலில் அவர் ஏழாவது அடுக்கு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரங்கே! என் ஆணையின்றிக் கோட்டைக்குள் நுழைந்த உணவனைத்தும் களஞ்சியத்துக்கே உரியவை!" என்றார். சேவகர்கள் ஈட்டியோடு வந்து சோற்றைப் பிடுங்கினார்கள். சோற்றோடு பாத்திரத்தையும் கொண்டுபோனார்கள். அடுக்கடுக்காக, ஒளிவெள்ளமாக, தூக்குவாளியும் டிபன் கேரியரும் சம்படமும் ஏழடுக்கும் ஏறிப் போயின. நர்ஸம்மா மட்டும், "சரித்திரப் படத்துல எவர்சில்வர் வரலாமா சார்?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் செவக்காட்டில் வேறு பேச்சே இல்லை. சோறு போனதைப் பற்றி ஒருத்தரும் வருத்தப்படவில்லை, கொடுக்கத்தானே கொண்டுபோனோம். பாத்திரத்தைத் திருப்பித் தராத ஆளை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. "நாலடுக்குக் கேரியர் மதினி! எங்க ஐயா வாங்கிக் குடுத்தது!" என்று பெண்கள் தெருவில் நின்று ஆத்தமாட்டாமல் கத்தினார்கள். ராசகனியின் தூக்குவாளியும் போனதில் ஒன்று. அம்மா வீட்டுச் சீரில் வந்தது அது. மற்ற பாத்திரமெல்லாம் புருசன் வேல்ச்சாமி பேரில் இருக்க, அது ஒன்றில்தான் 'ராசகனி' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி, பக்கத்தில் ஒரு பூவும் வெட்டியிருக்கும்.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறே. சனிக்கிழமை பத்தாவது ரீலில் அல்லி மறுபடி மெலிந்துபோயிருந்தாள். கதவோரம் கண்ணை மூடிக் கிடந்தாள், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது. மிச்ச ரீலிலும் அப்படியே கிடக்க, சுருள் தீர்ந்தது. நாளைக்கு ஞாயிறு. நாளைக்கு எப்படியோ அப்படித்தான் என்றைக்கும்.

வீட்டுக்குப் போகிற வழியில், டீக்கடை முன்னால் நின்ற ஞானசபேசனிடம் அவள் போனாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"அந்தப் பிள்ளை..." என்றாள்.

அவர் நல்ல மனுசர். அவளைப் பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். "அல்லி சாகணும்மா. கேட்கக் கொடூரமாத்தான் இருக்கும். அவள் செத்தால்தான் ஜனங்களுக்கு ரோசம் வரும், கதவு உடையும். பசியை மட்டும் வச்சு அவங்க உடைக்கவே மாட்டாங்க, பழகிட்டாங்க. நீங்க சோறு போட்டுப் போட்டு அந்த ரோசத்தைத் தள்ளிப் போடறீங்க, அவ்வளவுதான். எழுதினவர் சாதாரண ஆளில்லை, யோசிச்சுத்தான் எழுதியிருக்கார்."

'அவருக்குப் பிள்ளை கிடையாதோ?' என்று கேட்க நினைத்தாள் ராசகனி. கேட்காமல் வீட்டுக்கு வந்து, அடுப்பிடம் கேட்டாள், அம்மியிடம் கேட்டாள், தலைவாரிவிடுகிறபோது இசக்கியிடம் கேட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த வேல்ச்சாமியிடமும் கேட்டுவிட்டாள். அவன் பயந்துபோனான். "யாருக்குட்டீ பிள்ளை இல்லை?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிற்க இடமில்லை. கோயில்பிச்சை ஆபரேட்டர் பன்னிரண்டு பெட்டிக்கும் பொட்டு வைத்துத்தான் ஏற்றினார். பக்கத்தில் ஞானசபேசனின் மிசின் பச்சை விளக்கு எரிய உறுமிக்கொண்டிருந்தது. சோறு கொண்டுபோனவர்கள் கொண்டுபோனார்கள், இலையில் கட்டித்தான், பாத்திரத்தில் இல்லை. ஊர் அந்த அளவுக்கு உசாராகிவிட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. திரையோரம் நின்ற சேவகர்கள் நீட்டிய கையிலேயே பிடுங்கிக்கொண்டு போனார்கள். மரகதவல்லிக்கோ வாங்கவே கூச்சமாக இருந்தது. இவர்கள் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோட்டையூர்க்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் நின்றார்கள், நேற்று வாங்கித் தின்றுவிட்டு இன்றைக்குத் தலை நிமிராமல். ராசகனி அதைக் கவனித்தாள். பேசாத பெண்களுக்கு மற்றவர்கள் தலை குனிவது சீக்கிரம் தெரிந்துவிடும்.

பத்தாவது ரீல். அல்லி களஞ்சியக் கதவோரம் வந்து விழுந்தாள். பின்னணியில் இசைகூட இல்லை. விரல் நுனியில் ஒரு உமி ஒட்டியிருந்தது. மேலே ஏழாவது அடுக்கு ஜன்னலில் ராயர் உட்கார்ந்து, பாதி முகத்தில் வெளிச்சம் விழ, ஒரு தூக்குவாளியிலிருந்து பிரியாணியை வழித்துத் தின்றுகொண்டிருந்தார். வாளியின் பக்கவாட்டில் ஒரு பூ மின்னியது.

"அய்யா" என்றாள் ராசகனி.

ஒருத்தருக்கும் கேட்கவில்லை. இசக்கியைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். "அய்யா! அது என் தூக்குவாளி!"

ராயர் மெல்லுவதை நிறுத்தினார். "எவளடி அவள்! களஞ்சியம் ஏறி வந்த பொருள் அனைத்தும் என் உடைமை என்பதை அறியாயோ?"

"அறியேன்" என்று அவர் பாசையிலேயே சொல்லிவிட்டாள், பதற்றத்தில். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அதுல எம் பேரு வெட்டியிருக்கு. திருப்பிப் பாருங்க" என்றாள்.

ராயர் வாளியைத் திருப்பினார். நெல்லை எண்ணி எண்ணியே கண் மங்கிய மனுசர், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்தக் காலத்து நாடகக் குரலில், கோட்டையே அதிர, "ரா... ச... க... னி!" என்று வாசித்தார்.

தன் பேரை அவ்வளவு சத்தமாக அவள் ஆயுசில் கேட்டதில்லை. ரேசன் கடையில்கூடக் 'கார்டு நம்பர் நாற்பத்தேழு'தான். "ஆமா" என்றாள். "அதான் எம் பேரு. என் வாளியக் குடுங்க."

அவ்வளவுதான், சண்முகக்கனி எழுந்துவிட்டாள். "எங்க வீட்டு ஊமையே பேசிட்டா, நான் பேசாம இருப்பனா! யோவ் ராயரே, என் நாலடுக்குக் கேரியர் எங்கய்யா?" என்றாள். பிறகு கொட்டகை பூராவும் எழுந்தது. என் சம்படம், என் போகணி, என் குத்துப்போணி, எங்க அத்தை பேர் போட்ட குண்டான் என்று நூறு பாத்திரம் நூறு பேரோடு எழுந்தது. "பாத்திரத்தைக் குடு! பாத்திரத்தைக் குடு!"

திரைக்குள் மரகதவல்லி தலை நிமிர்ந்தாள். எழுபது வருசமாக அழுவதற்கு மட்டுமே பழகியிருந்த முகம் அது. "தாய்மார்களே!" என்று கோட்டையூர்ப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள். "பசித்தோம், பொறுத்தோம். தறியை இழந்தோம், பொறுத்தோம். ஊரார் வீட்டுப் பாத்திரத்தை வாங்கித் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுக்காதவர்கள் என்ற பெயரையும் பொறுப்பதா?"

பொறுக்கவில்லை. மூன்று வருசப் பட்டினியைத் தாங்கிய கூட்டம் அந்த ஒரு மானக்கேட்டைத் தாங்கவில்லை. ஈட்டி பிடித்திருந்த சேவகர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி இருக்கும் போல. அவர்கள்தான் முதலில் கதவில் தோள் கொடுத்தார்கள். ஏழடுக்குக் கதவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தது. நெல் வந்தது பாருங்கள், ஒரு மலை எழுந்து நடந்து வருகிற மாதிரி சரசரவென்று வந்தது, வந்த நெல்லின் மேல் மிதந்துகொண்டு எவர்சில்வர் பாத்திரங்கள் வந்தன. கதவோரம் கிடந்த அல்லியை ஒரு சேவகன் அள்ளித் தூக்கி மரகதவல்லி கையில் கொடுத்தான். பிள்ளை வாயில் யாரோ தண்ணீர் விட்டார்கள். நர்ஸம்மா, "உப்பும் சீனியும் கலந்து குடுங்க, சோறு பொறவு!" என்று இங்கிருந்து கத்தினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தது.

பாட்டுப் புத்தகத்தின்படி ராயர் நெல்லுக்கு அடியில் புதைந்து சாக வேண்டியவர். இந்தப் பெண்கள் அவரை அவ்வளவு லேசாக விடவில்லை. ஆற்றங்கரையில் உட்கார வைத்து, சாம்பலும் தேங்காய்நாரும் கொடுத்து, அத்தனை பாத்திரத்தையும் விளக்க வைத்தார்கள். பதினோராவது ரீல் முழுக்க அவர் விளக்கினார். அப்போது மட்டும் அவர் முகம் முழுக்க வெளிச்சம் விழுந்தது. விளக்கிய பாத்திரம் ஒவ்வொன்றிலும் மரகதவல்லி ஒரு பிடி சாம்பல் நிற நெல் போட்டு, பேரை வாசித்து வாசித்துத் திரைக்கு வெளியே நீட்டினாள்.

கடைசியாக ஒரு சின்ன டபராவும் டம்ளரும் மிஞ்சின. "ஞா. ச." என்று வாசித்தாள்.

கொட்டகை முழுவதும் திரும்பி ஞானசபேசனைப் பார்த்தது.

"நேத்து இடைவேளையில..." என்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆள் நடிப்பு இருக்கே, மெழுகு ஊத்தற இடத்துல... ஒரு காப்பியாவது வாங்கிக் குடுக்காம எப்படிம்மா?"

"ராயருக்கா! பஞ்சத்துல அடிபட்ட அம்புட்டு பேரும் இருக்க, ராயருக்குக் காப்பி!" என்றாள் சண்முகக்கனி. "சர்க்கரை தூக்கலாவா, மட்டாவா?"

அவர் போய் டபராவை வாங்கிக்கொண்டார். அதில் இருந்த நெல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு மிசினை ஒரு தரம் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டார். "எழுதினவர் பார்த்தா சண்டைக்கு வருவார்" என்று மட்டும் முனகினார்.

திரையில் 'சுபம்' என்று விழுந்தது. கொட்டகை விளக்கு எரிந்தது, சனம் செருப்பைத் தேடியது, பாத்திரம் பாத்திரத்தோடு இடித்துக்கொண்டது. ஆனால் மேலே கோயில்பிச்சை, "முதலாளி, சுருள் முடிஞ்சு போச்சு, படம் நிக்க மாட்டேங்குது" என்று கத்தினார்.

திரும்பிப் பார்த்தால் 'சுபம்' எழுத்துக்கு முன்னால் அல்லி நின்றாள். தனியாக. பத்தாவது ரீலுக்கு அப்புறம் அவள் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் படத்தில் யாரும் எழுதி வைக்கவில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு 'சு'வின் வளைவில் காலை விட்டு ஏறினாள், 'ப'வுக்குள் ஒளிந்துகொண்டாள், எட்டிப் பார்த்தாள், யாரும் கண்டுபிடிக்க வரவில்லை என்று தானே வெளியே வந்தாள். ஜனங்கள் நின்றது நின்றபடி பார்த்தார்கள். முதலாளி ஞானசபேசனைப் பார்த்தார். ஞானசபேசன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று மட்டும் போட்டிருந்தது. வெளியே விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. மிசின் உறுமிக்கொண்டே இருந்தது.

ராசகனி தூங்கிவிட்ட இசக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திரையடிக்குப் போனாள். ஊரே பார்க்கிறது என்பது அவளுக்குத் தெரியும். முகம் சூடாகத்தான் இருந்தது.

"ஏளா அல்லி" என்றாள், தெருமுனையில் நின்று கூப்பிடுகிற குரலில். "விளையாண்டது போதும். இருட்டப் போவுது, உங்க அம்மா தேடுவா. கால் கையைக் கழுவிட்டு வீட்டுக்குள்ள போ."

அல்லி உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் கொஞ்ச நேரம் என்கிற மாதிரி ஒரு விரலைக் காட்டினாள்.

"போன்னு சொல்லுதேன்ல."

அல்லி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, திரையின் ஓரத்தைத் தாண்டி, வீட்டுக்குப் போனாள்.